பட்டாளத்து வைத்தியப் பரிசோதனையும் மலைப் பையன்களின் நியாயமும்

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைத் தொடரைக் கண்ணெதிரே கொண்டிருக்கும் கம்மவான்பேட்டை என்ற கிராமத்துக்கு, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிவந்த பெருமையினால் ‘ராணுவப்பேட்டை’ என்ற மறுபெயர் வழங்கிவருவதைப் பலரும் அறிவார்கள். அத்தகைய ஊரில் பிறந்த பையனுக்கு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்து ஓட வேண்டும், எந்தக் காகிதத்தை எந்த அதிகாரியிடம் நீட்ட வேண்டும், எதைக் கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க அடுத்த வீட்டிலேயே ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருப்பார். மலைமேல், ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் பிறந்த பையனுக்கும் ஆசை அவ்வளவே உண்டு. சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் இல்லை. ஓட்டத்தில் தேறி, தேர்விலும் தேறி, கடைசியில் வைத்தியப் பரிசோதனையில் தள்ளப்பட்ட இளைஞன் ஒருவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமா, தட்டினால் அக்கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்ற விஷயத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல முற்படுவதற்கு அந்தக் குறையே காரணம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்ற மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமையும் தேனும் புளியும் பலாவும் விளையும் பூமி. ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வருஷம் முழுவதும் உண்டு உடுத்திருக்க முடியாதாகையால், மலையாளிப் பழங்குடியினரான இங்குள்ள ஆண்களில் பலர் கூலி தேடிச் சமவெளிக்கும் அயல் மாநிலங்களுக்கும் இறங்கிப் போகிறார்கள். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று கூறி 20 தமிழர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது, மாண்டவர்களில் பலர் இந்த மலைப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்களாயிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மாதச் சம்பளம் தரும் ஓர் உத்தியோகமும் மரியாதை தரும் ஒரு சீருடையும் இங்குள்ள குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். ஆகவே, ‘மெடிக்கல்ல தள்ளிட்டாங்க’ என்று ஒரு பையன் வந்து சொல்லும்போது, அந்த வீட்டில் இடிந்து உட்காருபவன் அவன் ஒருவன் மாத்திரம் அல்லன்.

அவன் அந்த இடம்வரை எப்படி வந்தான் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2022 ஜூன் மாதத்தில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் தரைப்படையில் சிப்பாயாகச் சேர விரும்புகிறவன் அக்னிவீரனாகவே சேர வேண்டும். முதலில் கணினி வழியே பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், குறுகிய கட்டையின்மீது தடுமாறாமல் நடத்தல், கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுத்தல், அதன்பின் அளவுகள். பொதுப்பணிச் சிப்பாய்க்குத் தமிழ்நாட்டில் உயரம் 166 சென்டிமீட்டர். மார்பு 77 சென்டிமீட்டரும் மூச்சை இழுத்தால் அதற்குமேல் 5 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். எல்லைக் காவல் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முதலான மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் கான்ஸ்டபிளாகச் சேர ஆண்களுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள், பழங்குடியினருக்கு 162.5 போதும். மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு ஓட்டம் ஒரு பொருட்டன்று. அளவெடுக்கும் நாடாவையும் கடந்து, மறுநாள் வைத்தியருக்கு முன் வந்து நிற்கும்போதுதான் அவனுக்கே தெரியாத அவனுடைய சரீரம் முதல்முதலாக வெளிப்படுகிறது.

இரண்டு முழங்கால்களும் ஒட்டி நிற்கும்படி நிற்கச் சொல்லிக் கணுக்கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்க்கிறார்கள். இடைவெளி மிகுந்தால் அது ‘நாக் நீ’. உள்ளங்கை மேல்நோக்கும்படி கைகளை நீட்டச் சொல்லி முழங்கையின் கோணத்தை அளக்கிறார்கள். உள்ளங்காலில் குழிவு இல்லாவிட்டால் தட்டைப்பாதம். பற்களுக்கு மதிப்பெண் போட்டு, 14 தேறுகிறதா என்று கணக்கிடுகிறார்கள். காதுக் குறும்பி, வளைந்த மூக்குத் தண்டு, கெண்டைக்காலில் சுருண்ட நரம்பு, விரைவீக்கம், உள்ளங்கை வியர்வை என்று பரிசோதனை நீண்டுகொண்டே போகிறது. பச்சை குத்தியிருந்தால் அதற்கும் விதி உண்டு: முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்; பழங்குடியினருக்கு அவர்களுடைய மரபுப்படி குத்திக்கொண்டவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு இருப்பது தெரியாமல், பச்சையைக் கண்டு முகம் சுளித்த கீழ்நிலைச் சிப்பந்தி ஒருவரின் வார்த்தையை நம்பி ஒருவன் வரிசையை விட்டுப் போய்விட்டால், அவனுடைய உரிமை கேட்பாரற்றுப் போகும்.

நிறப் பரிசோதனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வண்ணப் புள்ளிகளால் நிறைந்த வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் அந்தப் புத்தகத்தை உலகுக்குத் தந்தவர் ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் வைத்தியர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது நிறக்குருடு உள்ளவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அதைத் தயாரிக்க அவரைத் தூண்டிய காரணம். 1917-இல் அது வெளியாயிற்று. முதல் பக்கத்தில் இருக்கும் 12 என்ற எண் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மற்றப் பக்கங்களில்தான் சோதனை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வரும் பிறவிக் குணமாகையால், இருபது வயதுவரை காட்டிலும் கழனியிலும் யாதொரு குறையுமின்றி வேலை செய்துவந்த பையன், தன் கண்ணில் இப்படியொன்று இருப்பதை அந்தப் புத்தகத்தின் முன்னால் நின்றுதான் அறிகிறான்.

அறிந்தபின் அவன் கையில் ஒரு சீட்டு வருகிறது. ‘டெம்பரரி அன்ஃபிட்’ என்றோ ‘பர்மனென்ட் அன்ஃபிட்’ என்றோ ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே வைத்திய சாஸ்திரத்தின் லத்தீன் கலந்த பெயர் ஒன்றைக் குறித்திருப்பார்கள். ‘என்னமோ எழுதிக் குடுத்தாங்கண்ணா, படிச்சுப் பாருங்க’ என்று அதை அவன் கணினிக் கடைக்காரரிடமோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோ நீட்டுகிறான். கையெழுத்தும் விளங்காது, சொல்லும் விளங்காது. ஆனால் நீதிமன்றத்தில் பின்னர் எழக்கூடிய வழக்கு முழுவதும் அந்த அரைப் பக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது. எந்தக் காரணத்துக்காக, எந்த வைத்தியர், எந்தத் தேதியில் தள்ளினார் என்பது அதில் இருக்கிறது. மறுபரிசோதனை கேட்பதற்குரிய கெடுவும் அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.

சிப்பாய் வேலைக்கு வந்தவர்களை முகாமிலுள்ள வைத்திய அதிகாரி தள்ளினால், அருகிலுள்ள ராணுவ ஆஸ்பத்திரியில் அந்தத் துறை நிபுணர் மறுமுறை பார்ப்பதற்கு இடம் உண்டு. சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குட்பட்ட இம்மலை மாவட்டங்களின் பையன்கள் அதற்குப் பெரும்பாலும் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலுள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சில நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அதிகாரிப் பதவிக்குத் தேர்வானவர்களுக்கு வழி சற்று நீளமானது: விசேஷ வைத்தியக் குழு தள்ளினால் 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழு, அதுவும் தள்ளினால், அனுமதி கிடைக்கும் பட்சத்தில் புனே ராணுவ வைத்தியக் கல்லூரியிலோ தில்லி ராணுவ ஆராய்ச்சி ஆஸ்பத்திரியிலோ மறு ஆய்வுக் குழு. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளுக்கு 2015 மே மாதத்தில் உள்துறை அமைச்சகம் ஒரே சீரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அங்கும் விரிவான பரிசோதனை, மறு ஆய்வுப் பரிசோதனை என்று இரண்டு படிகள் உண்டு. இந்தப் படிகளில் ஏறாமல் நேராக நீதிமன்றத்துக்குப் போகிறவனை, ‘உனக்குச் சட்டம் கொடுத்த பரிகாரத்தை ஏன் நாடவில்லை?’ என்றே நீதிபதி முதலில் கேட்பார்.

படிகள் முடிந்தபின் எந்த நீதிமன்றம்? இதில்தான் பலர் வழி தவறிப் பணமும் காலமும் இழக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு என்பதைக் கேள்விப்பட்டு அங்கே ஓடுகிறார்கள். ஆனால் அத்தீர்ப்பாயம் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டுவிட்டவர்களுடைய பணி விவகாரங்களுக்காக அமைந்தது, வாசலில் நிற்கும் தேர்வரோ இன்னும் அச்சட்டத்துக்கு உட்பட்டவர் அல்லர். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமோ, அதை அமைத்த 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஆயுதப்படையினரின் விவகாரங்களிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. மிஞ்சுவது உயர் நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 226-ஆவது ஷரத்தின் கீழ் ரிட் மனு.

ராணுவம் என்றாலே அடிப்படை உரிமை பேச முடியாது என்ற எண்ணம் சாமானிய ஜனங்களிடையே இருக்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளை ஒரு வரம்புக்குள் சுருக்கப் பாராளுமன்றத்துக்கு 33-ஆவது ஷரத்து அதிகாரம் அளிப்பது மெய்தான். ஆனால் அது படையில் சேர்ந்துவிட்டவர்களைப் பற்றியது. இன்னும் சேராதவன் மற்றப் பிரஜைகளைப்போலவே முழு உரிமையுள்ள பிரஜை. சமத்துவத்தைச் சொல்லும் 14-ஆவது ஷரத்தும், அரசாங்க உத்தியோகத்தில் சமவாய்ப்பைச் சொல்லும் 16-ஆவது ஷரத்தும் அவனுக்கு முழுமையாகவே பொருந்தும்.

தில்லியிலுள்ள அதிகாரியின் உத்தரவை எதிர்த்துச் சென்னையில் வழக்குப் போடலாமா என்றால், இன்று போடலாம். ஒரு காலத்தில் முடியாது. 1953-இல், சென்னைச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் தேர்தல் கமிஷனுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவை, கமிஷன் தில்லியில் இருப்பதால் சென்னைக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தெற்கத்திப் பிரஜை ஒருவன் மத்திய அரசாங்கத்தின் அநீதியை எதிர்க்க இரண்டாயிரம் கிலோமீட்டருக்குமேல் பிரயாணம் செய்ய வேண்டியதாயிருந்த அந்த நிலைமை, 1963-இல் அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தத்தால் மாறிற்று: வழக்குக்குரிய காரணத்தில் ஒரு பகுதியாவது எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் எழுந்ததோ, அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம். முகாம் வேலூரில் நடந்திருந்தாலோ, மறுபரிசோதனை பரங்கிமலையில் நடந்திருந்தாலோ, சென்னை உயர் நீதிமன்றமே போதும். ஜவ்வாது மலையின் மூன்று மாவட்டங்களும் மதுரைக் கிளைக்கு அல்லாமல் சென்னைத் தலைமை அமர்வுக்கே உட்பட்டவை.

மனுவை எடுத்துக்கொண்ட நீதிபதி என்ன பார்ப்பார்? மனுதாரர் பெரும்பாலும் ஒரு தனியார் வைத்தியரிடமோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ ‘ஆரோக்கியமாக இருக்கிறார்’ என்று வாங்கிய சர்டிபிகேட்டை மேலே வைத்து, ‘பாருங்கள், இந்த டாக்டர் சரி என்கிறார், அந்த டாக்டர் சரியில்லை என்கிறார்’ என்று வாதிப்பார். அந்த வாதம் அநேகமாக நிற்பதில்லை. சமவெளியில் அலுவலக வேலை செய்கிறவனுக்குப் போதுமான முழங்கால் வேறு, பனிமலையில் முதுகுச் சுமையுடன் பல நாள் நடக்க வேண்டியவனுக்குத் தேவையான முழங்கால் வேறு. பின்னதை அறிந்தவர்கள் படையின் வைத்தியர்களே என்று நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறிவருகின்றன. இந்த வகை வழக்குகள் மிகுதியாகக் குவியும் தில்லி உயர் நீதிமன்றம், பணியாளர் தேர்வாணையம் தொடுத்த வழக்கொன்றில் 2024-இல் அளித்த தீர்ப்பு, அதுவரை பலவாறாகச் சொல்லப்பட்டு வந்தவற்றை ஒழுங்குபடுத்தி வகுத்தது. தேர்வர் தாமாகச் சென்று வாங்கிவந்த ஆஸ்பத்திரி அபிப்பிராயத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு மறுபரிசோதனைக்கு உத்தரவிட முடியாது என்று அது திட்டமாகச் சொல்லிற்று. அதே சமயம், வைத்தியக் குழுவின் முடிவில் நீதிமன்றம் தலையிடவே கூடாது என்ற தடையும் இல்லை என்றது.

தலையிடத்தக்க சந்தர்ப்பங்களாக அத்தீர்ப்பு கூறுபவை மலைப் பையனுக்கும் விளங்கக்கூடியவை. பரிசோதனைக்கென்று விதித்த முறையை மீறியிருந்தால் தலையிடலாம். முதல் பரிசோதனை ஒரு காரணத்தையும் மறுபரிசோதனை அதனோடு முரண்படும் வேறொன்றையும் சொன்னால் தலையிடலாம்: முதலில் முழங்கால் என்றவர்கள் பிறகு முழங்கால் சரி, பாதம் தட்டை என்றால், முதலில் பார்த்தவருடைய கண்ணையோ பின்னால் பார்த்தவருடைய கண்ணையோ சந்தேகிக்காமல் இருக்க முடியுமா? எலும்பு நிபுணரோ கண் நிபுணரோ பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயத்தை, குழுவில் அத்தகைய நிபுணர் ஒருவரும் இல்லாமலே முடிவு செய்திருந்தால் தலையிடலாம். என் அபிப்பிராயத்தில் இவற்றுள் தலையாயது இந்தக் கடைசி விஷயமே. மறுபரிசோதனைக்குப் போகிறவன், தன்னைப் பார்த்தவர் எந்தத் துறை வைத்தியர் என்பதையும், எந்தக் கருவியால் அளந்தார் அல்லது கண்ணால் மட்டும் பார்த்தார் என்பதையும் அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து அவனுடைய வக்கீலுக்கு ஒரு டஜன் தனியார் சர்டிபிகேட்டுகளைவிட அது உதவும்.

வைத்தியத்தின் முடிவை மாற்றாமலே, அந்த முடிவைப் பயன்படுத்திய விதத்தை நீதிமன்றம் கண்டித்ததற்கு நிரந்தரப் பணி கேட்டுப் பெண் ராணுவ அதிகாரிகள் தொடுத்த வழக்கு சிறந்த உதாரணம். 2021 மார்ச் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ‘ஷேப்’ என்ற ராணுவ வைத்திய அளவுகோல் தன்னளவில் தவறானதன்று என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆண் அதிகாரிகளை இளவயதிலேயே சோதித்து நிரந்தரமாக்கிவிட்டு, நாற்பதும் ஐம்பதும் ஆகிவிட்ட பெண்களை, காலந்தாழ்ந்ததற்கு ராணுவமே காரணமாயிருக்க, அதே அளவுகோலில் நிறுத்துவது நியாயமன்று என்று தீர்ப்பளித்தது. கோல் சரி, அதை நீட்டிய காலம் தவறு என்ற அந்த நுட்பமான வேற்றுமையே இத்தகைய வழக்குகளின் உயிர்நாடி.

தமிழ்நாட்டிலும் இதற்கு அண்மையான வழக்குகள் உண்டு. கரூர் மாவட்டத்தில் பெண் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த ஒருவரை, அவர் பெண்ணே அல்லர் என்ற வைத்திய அறிக்கையைக் காட்டி வேலையிலிருந்து நீக்கியபோது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து 2014 ஏப்ரலில் அந்த உத்தரவை ரத்து செய்தார். பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வாழ்ந்துவரும் ஒருவருடைய அடையாளத்தை ஒரு பரிசோதனைக் காகிதம் பறித்துவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நிறக்குருடு காரணமாகத் தமிழ்நாட்டு மின்சார நிறுவனம் உதவிப் பொறியாளர் வேலை தர மறுத்த ஓர் இளைஞருக்கு, டிவிஷன் பெஞ்சில் தோற்றபின்னும், 2023 அக்டோபர் 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலை கிடைக்கச் செய்தது. குறையுள்ளவருக்குப் பொருத்தமான இடத்தை நிறுவனமே தேடித்தர வேண்டும் என்ற கொள்கை அங்கே வென்றது. ஆனால் இந்தத் தீர்ப்பைக் காட்டி ராணுவத்தில் நிறக்குருடுக்கு விலக்குக் கேட்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பலாகாது. மின்சார நிறுவனத்தில் நிறம் பார்க்கத் தேவையில்லாத மேஜைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்பாயும் துப்பாக்கி ஏந்தத் தகுதியுடையவனாயிருக்க வேண்டும் என்று கருதும் படையில் அத்தகைய மேஜையைத் தேடித்தர நீதிமன்றம் கட்டளையிடுவதில்லை.

அளவுகோலையே முறித்த வழக்கும் உலகில் இல்லாமற் போகவில்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியாவில், எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பட்டாளத்தில் சேர்க்க மறுக்கப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் முன்னர் அந்நாட்டு விடுதலைப் போரில் பங்கெடுத்தவர். 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொழில் நீதிமன்றம், கிருமி இருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துத் தள்ளுவது பாரபட்சம், அந்த மனிதரின் எதிர்ப்புச் சக்தி எந்த அளவில் இருக்கிறது, உழைக்கும் வலிமை அவருக்கு உண்டா என்று பரிசோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றது. நோயின் பெயரைப் பார்க்காமல் மனிதனின் திறனைப் பார் என்ற அந்தக் கோரிக்கை, நம் நாட்டுப் படைகளின் அளவுகோல்களிலும் ஒருநாள் விவாதத்துக்கு வரும் என்று நான் நம்புகிறேன்.

ராணுவத்தின் கண்டிப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. சேரும்போது குறிப்பேட்டில் யாதொரு நோயும் எழுதப்படாமல் சேர்க்கப்பட்ட சிப்பாய்க்குப் பின்னர் நோய் வந்து அவன் விலக்கப்பட்டால், அது பணியினால் வந்ததென்றே அனுமானித்து ஊனப் பென்ஷன் கொடுக்க வேண்டும், அல்லவென்று நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்தையே சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாசலில் நன்றாகப் பார்த்துச் சேர்த்துக்கொள் என்பதும் அத்தீர்ப்பின் உட்பொருள்தான். பலவீனமான முழங்காலை மறைத்துச் சேர்ந்தவன் இரண்டாவது வருஷமே முடமாகித் திரும்பிவருவது அவனுடைய தாய்க்கும் நன்மையன்று. ‘மெடிக்கலைப் பார்த்துக்கொள்கிறேன், இவ்வளவு கொடு’ என்று முகாம் வாசலில் வலைவீசும் தரகர்களை நம்பி நகையை அடகுவைக்கும் குடும்பங்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வழக்கில் வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். நீதிமன்றம் யாரையும் நேரே சிப்பாயாக நியமிப்பதில்லை; சுதந்திரமான வேறொரு வைத்தியக் குழு, அநேகமாக ராணுவத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலேயே, மறுபடி பார்க்கட்டும் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பரிகாரம். அந்தக் குழு ‘ஃபிட்’ என்றால் தேர்வு தொடரும். ‘அன்ஃபிட்’ என்றால் வழக்கு அதோடு முடியும். இதற்கிடையில் காலம் நிற்பதில்லை. அக்னிவீரருக்கு வயது வரம்பு மிகக் குறுகியது; ஒரு வழக்கு இரண்டு வருஷம் இழுத்தால் மனுதாரர் வென்ற தினத்தில் வயது கடந்தவராகி நிற்பார். தேர்வில் எல்லாம் தேறினாலும் நியமன உரிமை தானாகப் பிறந்துவிடுவதில்லை என்பதை, அக்னிபத் திட்டம் வருவதற்கு முன் எல்லாச் சோதனையிலும் தேறிக் காத்திருந்தவர்கள் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் மனம் கசந்து கற்றுக்கொண்டார்கள். ஆகையினால் மனு போடும்போதே, தீர்ப்பு வரும்வரை ஓர் இடத்தைக் காலியாக வைக்கும்படியும், மனு போட்ட தேதியிலுள்ள வயதையே கணக்கில் கொள்ளும்படியும் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். அதைக் கேட்க மறந்த மனு, மற்ற எல்லாம் சரியாயிருந்தும் வீணாகலாம்.

காகிதங்களைப் பெறுவதற்கு வழி உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் தரைப்படை இல்லை. 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு அனுப்பித் தன்னுடைய வைத்தியக் குறிப்புகளின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எல்லைக் காவல் படையும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் அந்த விலக்குப் பட்டியலில் இருப்பதால், அங்கே தள்ளப்பட்டவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. அவர்களுக்காக நீதிமன்றமே ஆவணங்களை வரவழைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு என்ன செய்வது என்பதே மலைக் குடும்பத்தின் அடுத்த கேள்வி. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பழங்குடியினர் எவருக்கும், அவருடைய வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவச வக்கீல் உதவியை உரிமையாகவே வழங்கியிருக்கிறது. பழைய வடஆற்காடு மாவட்டத்து மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால், கோட்டாட்சியர் கொடுத்த ஜாதிச் சான்றிதழ் ஒன்று கையிலிருந்தால் போதும். திருவண்ணாமலையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக, சென்னை உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவை அடையலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இந்த மலையிலுள்ள புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே தேர்வெழுதி, 2024-இல் சிவில் நீதிபதியாகத் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது நாடே மெச்சியது. நீதிமன்றம் என்பது தங்களுக்கு எட்டாத இடம் என்று மலைமேல் இனி யாரும் நினைக்க வேண்டியதில்லை.

எனினும் எல்லாப் பாரத்தையும் பையனின் தோளிலேயே வைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. ராணுவத்தின் வைத்தியத் தரத்தைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. தள்ளிவிடும் சீட்டில், எந்தக் குறை, எந்த அளவு, எந்த விதியின்படி என்பதைத் தமிழில் நாலு வரி எழுதித் தரலாம்; மறுபரிசோதனைக்கு எங்கே, எந்தத் தேதிக்குள், எந்தக் காகிதத்துடன் வர வேண்டும் என்பதை அதன் பின்புறத்தில் அச்சடித்துத் தரலாம்; மலைப் பிரதேசத்திலிருந்து வருகிறவனுக்குப் பஸ் ஏறிச் சென்னை வந்துசேரும் அளவுக்காவது கெடுவை நீட்டலாம்; பிறவியிலேயே வரும் நிறக்குருடு போன்றவற்றை ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு கண் வைத்தியர் பார்த்துச் சொல்லிவிட்டால், இரண்டு வருஷம் ஓடிக் களைத்தபின் ஏமாறாமல் வேறு உத்தியோகத்துக்குப் படிக்க அந்தப் பையனுக்கு அவகாசமாவது கிடைக்கும். ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகமும் மாவட்ட ஆட்சியரும் மனம் வைத்தால், புதிய சட்டம் ஒன்றும் இல்லாமலே அடுத்த முகாமுக்குள் இவற்றைச் செய்துவிடலாம்.